ஜோ ஹிசாய்ஷி: படத்துக்கு முன்பே பிறந்த மெட்டுகள்

ஜோ ஹிசாய்ஷி (பிறப்பு: 1950 டிசம்பர் 6) ஜப்பானியத் திரையிசையமைப்பாளர், பியானோ கலைஞர், இசைக்குழு நடத்துநர். அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி எடுத்த முழுநீளப் படங்கள் பன்னிரண்டு. அவற்றில் முதலாவதான 'காக்லியோஸ்த்ரோ கோட்டை'க்கு (1979) இசை யூஜி ஓனோ. 1984 முதல் 2023 வரை வெளிவந்த எஞ்சிய 11 படங்களுக்கும் இசை ஹிசாய்ஷி. ஓர் இயக்குநரும் ஓர் இசையமைப்பாளரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிரியாமல் வேலை செய்தது எந்த நாட்டுத் திரையுலகிலும் அரிது.

இவருடைய இசையை இன்று மாணவர்கள் பெரும்பாலும் இணையத்தில்தான் கேட்கிறார்கள். படிக்கும்போது கேட்க, தூங்கும்போது கேட்க என்று பியானோ மெட்டுகளைக் கோத்துப் பல மணிநேரத் தொகுப்புகள் வந்துவிட்டன. மெட்டுகள் அவற்றில் இருக்கின்றன. ஆனால் எந்தக் காட்சியில் இசை நுழைந்தது, எந்தக் காட்சியில் வேண்டுமென்றே வராமல் நின்றது என்பது அவற்றில் இல்லை. ஹிசாய்ஷியின் வேலையில் பாதி அந்த இரண்டாவது பகுதியில் அடங்கியிருக்கிறது என்பதால், புகழ்பெற்ற மெட்டுகள் எப்படிப் பிறந்தன என்பதோடு அதையும் சேர்த்தே இக்கட்டுரை சொல்கிறது.

பெயரும் தொடக்கமும்

இயற்பெயர் மமோரு ஃபுஜிசாவா. பிறந்த ஊர் நாகானோ மாநிலத்தின் நாகானோ நகரம் அல்ல. அதே மாநிலத்தில் உள்ள நாக்கானோ என்னும் வேறொரு சிறு நகரம். இரண்டும் நம் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால் பல குறிப்புகளில் குழப்பம் நேர்ந்திருக்கிறது. நான்கு வயதில் சுசுகி வயலின் பள்ளியில் சேர்ந்தார். தந்தை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். அவருடைய பணியை ஒட்டித் திரையரங்குகளுக்குப் போகும் வாய்ப்பு மகனுக்குக் கிடைத்தது. சிறு வயதில் ஆண்டுக்குச் சுமார் 300 படங்கள் பார்த்தவர் என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு சலுகை கிடைத்தது வேடிக்கைதான்.

தோக்கியோவில் குனிதாச்சி இசைக் கல்லூரியில் இசையாக்கம் பயின்றபோது அவரை ஈர்த்தது திரையிசை அல்ல, மினிமல் இசை. அமெரிக்காவின் டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் ஆகியோர் 1960களில் வளர்த்த முறை அது. நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மிக மெல்ல மாறும். கேட்பவர் அந்த மாற்றத்தைக் கவனிக்கத் தொடங்கும்போது நேரம் போவதே தெரியாது. மெட்டு என்று முணுமுணுக்க அதில் பெரிதாக எதுவும் இருக்காது.

பிழைப்புக்காகத் தொலைக்காட்சிக்கும் இசையமைத்தார். 1974இல் வெளிவந்த 'கியாத்தோருசு' என்ற ஆதிமனிதர் நகைச்சுவை அனிமே தொடர் அவற்றில் ஒன்று. அப்போது அவர் இன்னும் ஃபுஜிசாவாதான். பின்னர் வைத்துக்கொண்ட பெயருக்குப் பின்னால் அமெரிக்க இசைக்கலைஞர் குவின்ஸி ஜோன்ஸ் இருக்கிறார். 'குவின்ஸி' ஜப்பானிய வாயில் 'குயிஷி' ஆகும். அதை எழுதப் பயன்படும் இரண்டு சித்திர எழுத்துகளை 'ஹிசாய்ஷி' என்றும் வாசிக்கலாம். 'ஜோன்ஸ்' சுருங்கி 'ஜோ' ஆயிற்று.

1981இல் 'ம்க்வாஜு' என்ற இசைத்தொகுப்பை உருவாக்கினார். மரிம்பா போன்ற தட்டுக் கருவிகள் ஆப்பிரிக்கத் தாளச் சாயலில் சுழன்றுகொண்டே இருக்கும் தூய மினிமல் இசை அது. ம்க்வாஜு என்பது சுவாகிலி மொழியில் புளியமரத்தைக் குறிக்கும் சொல். அதன் விற்பனை அவருக்குச் சோறு போடவில்லை. இத்தகைய இசையை எழுதியவர்தான் ஜப்பானின் மழலையர் பள்ளிகள் எல்லாம் பாடும் பாட்டையும் எழுதப்போகிறார் என்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

'நாவுசிகா': ஒரு விளம்பரத் தட்டு செய்த வேலை

மியாசாகியின் 'காற்றுப் பள்ளத்தாக்கின் நாவுசிகா' 1984 மார்ச் 11 அன்று வெளியானது. படத்தைத் தயாரித்தவர் இயக்குநர் இசாவோ தகாஹாத்தா. முதலீட்டில் முன்னின்றது தொக்குமா பதிப்பகம். அந்தக் குழுமத்துக்குச் சொந்தமாக இசைத்தட்டு நிறுவனமும் இருந்தது. அக்காலத்தில் ஜப்பானில் 'இமேஜ் ஆல்பம்' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு சித்திரக் கதையையோ வரப்போகும் படத்தையோ மனத்தில் வைத்து முன்கூட்டியே ஓர் இசைத்தட்டு வெளியிடுவார்கள். அதில் உள்ள இசை படத்தில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரசிகர்களின் ஆவலைத் தூண்டுவதே நோக்கம்.

நாவுசிகாவுக்கான இமேஜ் ஆல்பத்தைச் செய்யும் வேலை ஹிசாய்ஷிக்கு வந்தது. தட்டு 1983 நவம்பரில் வெளிவந்தது. படத்தின் பின்னணி இசைக்கு முதலில் பேசப்பட்ட பெயர் வேறு. ஹாருவோமி ஹொசோனோ அப்போது நாடறிந்த கலைஞர். படத்தின் பெயரிலேயே அவர் அமைத்த பாடலை நருமி யாசுதா பாடி, அது விளம்பரங்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் தகாஹாத்தாவும் மியாசாகியும் இமேஜ் ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு, தங்கள் படத்தின் இசை இதுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஹொசோனோவின் பாடல் படத்துக்குள் வரவே இல்லை.

இந்த முடிவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மியாசாகியைத்தான் சொல்வார்கள். தகாஹாத்தாவின் பங்கை மறக்கக்கூடாது. இருவரில் இசையை ஆழ்ந்து அறிந்தவர் அவர். எந்தக் காட்சிக்கு எந்த மெட்டு, எங்கே இசை வேண்டாம் என்றெல்லாம் ஹிசாய்ஷியோடு உட்கார்ந்து பேசியவர் அவரே. திரையிசை என்றால் என்ன என்று ஹிசாய்ஷி கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுதான் என்று சொல்லலாம்.

அந்தப் படத்தில் இளவரசியின் சிறுவயது நினைவாக ஒலிக்கும் மழலைப் பாட்டைப் பாடியது ஹிசாய்ஷியின் நான்கு வயது மகள் மாய். பொருளில்லாத சொற்களாலான அந்தப் பாட்டு, பயிற்சி பெற்ற குரலில் இருந்திருந்தால் இவ்வளவு உறுத்தாது. மாய் பிற்காலத்தில் தொழில்முறைப் பாடகியானார்.

அதன்பின் இமேஜ் ஆல்பம் இவர்கள் வேலைமுறையாகவே நிலைத்துவிட்டது. வழக்கமாகப் படம் முடிந்த பிறகுதான் இசையமைப்பாளர் உள்ளே வருவார். இங்கே மியாசாகி சில சொற்களையும் கவிதை போன்ற குறிப்புகளையும் எழுதித் தருவார். அவற்றை வைத்து ஹிசாய்ஷி பத்துப் பதினொரு மெட்டுகளை ஆக்கித் தருவார். படம் பாதி வளர்ந்துகொண்டிருக்கும்போதே மெட்டுகள் இயக்குநரின் காதில் இருக்கும்.

லபுதா: ஒரே படம், இரண்டு இசை

'வானத்துக் கோட்டை லபுதா' (1986 ஆகஸ்ட் 2) ஸ்டுடியோ கிப்லி என்ற பெயரில் வந்த முதல் படம். நிறைவில் வரும் 'கிமி வோ நோசெத்தே' பாடலின் வரிகள் மியாசாகியுடையவை, குரல் அசுமி இனோவேயுடையது. ஜப்பானியப் பள்ளிகளின் சேர்ந்திசைக் குழுக்கள் இன்றும் விரும்பிப் பாடும் பாட்டு இது. ஆனால் வரலாற்று மாணவருக்கு இந்தப் படம் இன்னொரு காரணத்தால் முக்கியம்.

அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து ஆங்கிலப் பதிப்பு தயாரித்தபோது, 1999இல், படத்தின் இசையைத் திரும்ப எழுதும்படி ஹிசாய்ஷியைக் கேட்டது. படத்தின் நீளம் 2 மணி 4 நிமிடம். ஜப்பானியப் பதிப்பில் இசை மொத்தம் ஒரு மணி நேர அளவுதான். ஏழெட்டு நிமிடம் தொடர்ந்து இசையே இல்லாத இடங்கள் உண்டு. மூன்று நிமிடத்துக்கு மேல் இசை இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பார்வையாளருக்கு நிம்மதி இருக்காது என்பது டிஸ்னி தரப்பு சொன்ன காரணம். ஹிசாய்ஷி ஒப்புக்கொண்டார். மின்னணு ஒலிகளும் இசைக்குழுவும் கலந்திருந்த பழைய இசையை முழு சிம்பொனிக் குழுவுக்கு மாற்றி, வெற்றிடங்களை நிரப்பி, நீளத்தை ஏறத்தாழ 90 நிமிடமாக்கினார். மியாசாகியும் அதை மறுக்கவில்லை.

புதிய இசை அழகானதுதான். வாத்தியக்கட்டில் பழையதைவிடத் தேர்ந்தது என்றுகூடச் சொல்வேன். ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். முதல் பதிப்பில் சிறுமி ஷீத்தா விமானத்திலிருந்து விழும் தொடக்கக் காட்சியில் காற்றின் ஒலியும் இயந்திர இரைச்சலும் நமக்குக் கேட்கின்றன. என்ன நடக்கிறது என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இசையே இல்லாத நிமிடங்களையும் இசையமைப்பாளரின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மாணவர்கள் இரண்டு பதிப்புகளையும் தேடிப் பார்ப்பது நல்லது.

டோட்டோரோ முதல் மொனோனோகே வரை

'என் அண்டைவீட்டு டோட்டோரோ' (1988 ஏப்ரல் 16) படத்துக்குப் பின்னணி இசைக்கு முன்பே பாடல்கள் உருவாயின. குழந்தைகள் வாய்விட்டுப் பாடக்கூடிய பாட்டுகள் வேண்டும் என்பது மியாசாகியின் விருப்பம். தொடக்கப் பாடலான 'சான்போ'வின் வரிகளைச் சிறுவர் நூலாசிரியர் ரியேக்கோ நாக்காகாவா எழுதினார். சான்போ என்றால் காலாற நடப்பது. நடைபயிலும் தாளத்தில் அமைந்த இந்தப் பாட்டு படத்தை விட்டு வெளியேறி மழலையர் பள்ளிகளுக்குள் போய்விட்டது. இதைப் பாடும் குழந்தைகளில் பலருக்கு இது திரைப்பாடல் என்பதே தெரியாது.

அதே படத்தில் மழைநாளில் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு சிறுமிகள் காத்து நிற்கிறார்கள். பக்கத்தில் டோட்டோரோ வந்து நிற்கிறது. அங்கே பாட்டு இல்லை. சில சுரங்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வருகின்றன. இடையிடையே மழைத்துளி சொட்டும் ஒலி. 'ம்க்வாஜு' எழுதிய கை இங்கே தெரிகிறது. மினிமல் இசையைக் குழந்தைகள் முகம் சுளிக்காமல் கேட்டது அநேகமாக இந்தப் படத்தில்தான்.

ஜப்பானின் பள்ளிப் பாடல்களிலும் பழைய திரைப்பாடல்களிலும் 'யோனானுகி' என்ற சுரவரிசை பெருவழக்கு. ஏழு சுரங்களில் நான்காவதையும் ஏழாவதையும் விட்டுவிட்டால் வரும் ஐந்து சுரங்கள் அவை. கருநாடக இசை தெரிந்தவர் மோகனத்தின் சுரங்கள் அவையே என்று உடனே கண்டுகொள்வார். ஹிசாய்ஷியின் மெட்டுகளில் இந்த ஐந்துசுரச் சாயல் அவ்வப்போது தலைகாட்டும். அடியில் ஓடும் சுரக்கூட்டுகள் மட்டும் மேற்கத்தியவை. அவர் இசை ஜப்பானியருக்கு ஊர் நினைவையும் மற்றவர்க்கு எங்கோ கேட்ட உணர்வையும் தருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

'கிக்கியின் விநியோகச் சேவை' (1989), 'போர்கோ ரோஸ்ஸோ' (1992) இரண்டிலும் இவர் இசை நன்று. முன்னதில் கடலோர நகரத்தைக் கிக்கி முதன்முதலில் காணும்போது வரும் மெட்டு இன்றும் கச்சேரிகளில் தவறாமல் ஒலிக்கிறது.

'இளவரசி மொனோனோகே' (1997) வேறு அளவில் அமைந்தது. இரும்பு உருக்குவோருக்கும் காட்டுத் தெய்வங்களுக்கும் நடக்கும் போர் அது. பெரிய சிம்பொனிக் குழு தேவைப்பட்டது. தலைப்புப் பாடலைப் பாடியவர் யோஷிகாசு மேரா. கவுன்ட்டர்டெனர் எனப்படும் குரல்வகை அவருடையது. ஆண் பாடகர் பெண்குரலின் உயரத்தில் பாடுவது. ஆணா பெண்ணா, மனிதரா காட்டுத் தெய்வமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்தக் குரல் ஜப்பான் முழுதும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு இப்படத்தின் இசையைச் செக் பில்ஹார்மோனிக் இசைக்குழு சிம்பொனித் தொகுப்பாக வாசித்துப் பதிவு செய்தது.

கித்தானோ கற்றுத்தந்த சிக்கனம்

அனிமே ரசிகர்கள் பலர் அறியாத பாதி ஒன்று உண்டு. நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்று இயக்குநரான தக்கேஷி கித்தானோவின் ஏழு படங்களுக்கு, 1991 முதல் 2002 வரை, ஹிசாய்ஷி இசையமைத்தார். முதல் படம் 'அந்தக் கோடையின் மிக அமைதியான கடல்'. காது கேளாத, பேச முடியாத இளைஞன் ஒருவன் அலைச்சறுக்கு கற்கும் கதை. வழக்கமாக இசை வரவேண்டிய இடங்களிலெல்லாம் அதை எடுத்துவிடலாம் என்று கித்தானோ சொன்னார். மினிமல் இசையில் வளர்ந்தவருக்கு இது தண்டனையாக இல்லை, விடுதலையாக இருந்தது. 'சோனாத்தின்' (1993), வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற 'ஹானா-பி' (1997) ஆகியவை தொடர்ந்தன.

'கிக்குஜிரோ' (1999) படத்துக்காக எழுதிய 'சம்மர்' இவருடைய மெட்டுகளில் மிகப் பரவலாக அறியப்பட்டவற்றுள் ஒன்று. தாயைத் தேடிப் போகும் சிறுவனும் உருப்படாத ஒரு நடுவயதுக்காரரும் செய்யும் பயணம் படத்தின் கதை. வயலின் தந்திகளை விரலால் சுண்டி எழுப்பும் ஒலியோடு அந்த மெட்டு துள்ளி நடக்கிறது. படத்தின் சோகத்தை ஓரிடத்திலும் அது அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. பியானோ கற்கும் பிள்ளைகள் இதை வாசிக்கும்போது வேகத்தைக் குறைத்து உருக்கமாக்கிவிடுகிறார்கள். அதனால் மெட்டின் உயிரே போய்விடுகிறது.

யோஜிரோ தக்கித்தாவின் 'விடைபெற்றோர்' (2008) படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வேலை இழந்த செல்லோ கலைஞர் ஒருவர் இறந்தோர் உடலுக்கு இறுதி ஒப்பனை செய்யும் தொழிலுக்கு வரும் கதை. ஹிசாய்ஷி செல்லோக்களையே முன்னிறுத்தி இசையமைத்தார். படம் 2009இல் அந்நிய மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது.

ஆவிகளின் குளியல் விடுதியும் ஹௌலின் வால்ட்ஸும்

'ஸ்பிரிட்டட் அவே' (2001) பெர்லினில் தங்கக் கரடியும் பின்னர் ஆஸ்கரும் பெற்றது. தொடக்கத்தில் வரும் 'ஒரு கோடை நாள்' என்ற பியானோ மெட்டு எளியது: சில சுரங்கள் தயங்கித் தயங்கி வருகின்றன. ஊர் மாறிப் போகும் சிறுமியின் மனநிலை அது. கடல்மேல் ஓடும் தொடர்வண்டிக் காட்சியில் உரையாடலும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. இசை மிகக் குறைவாகத் தொட்டுச் செல்கிறது.

'ஹௌலின் நகரும் கோட்டை'யில் (2004) முறை தலைகீழானது. இமேஜ் ஆல்பத்தைச் செக் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு பெரும் சிம்பொனித் தொகுப்பாகவே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதன்பின் மியாசாகி வேறொன்று கேட்டார். கதாநாயகி சோஃபி பதினெட்டு வயதுப் பெண்ணாகவும் தொண்ணூறு வயதுக் கிழவியாகவும் காட்சிக்குக் காட்சி மாறுகிறாள். முகம் மாறிக்கொண்டே இருப்பதால் படம் முழுக்க ஒரே மெட்டு ஓட வேண்டும், அப்போதுதான் இது ஒரே பெண் என்பது பார்ப்பவர் மனத்தில் நிற்கும் என்பது அவர் எண்ணம். ஹிசாய்ஷி மூன்று மெட்டுகளை எடுத்துப்போய்ப் பியானோவில் வாசித்துக் காட்டினார். தேர்வானது மூன்றாவதாக வாசித்த வால்ட்ஸ். 'வாழ்க்கையின் குடைராட்டினம்' என்ற பெயரில் இன்று உலகம் அறிந்த மெட்டு அதுதான். போரின்போதும் காதலின்போதும் தனிமையிலும் அதுவே வேறு வேறு உடையில் வருகிறது. இமேஜ் ஆல்பத்தில் அந்த மெட்டு இல்லை.

இங்கே இணையத்தில் பரவியுள்ள ஒரு தவறைத் திருத்துவது கடமை. கிப்லி படங்களில் வரும் எல்லாப் பாட்டும் ஹிசாய்ஷியுடையது அல்ல. 'ஸ்பிரிட்டட் அவே'யின் நிறைவுப் பாடலுக்கு மெட்டமைத்துப் பாடியவர் யூமி கிமுரா. ஹௌல் படத்தின் நிறைவுப் பாடல் மெட்டும் அவருடையதே. கிக்கி படத்தில் ஒலிக்கும் இரண்டு பாடல்கள் யூமி அராயின் 1970களின் பாடல்கள். 'போர்கோ ரோஸ்ஸோ'வின் நிறைவுப் பாடல் தொக்கிக்கோ காத்தோவுடையது. டோட்டோரோவோடு சேர்த்து ஒரே காட்சியில் திரையிடப்பட்ட 'மின்மினிகளின் கல்லறை'க்கு இசை மிச்சியோ மமியா. 'இதயத்தின் முணுமுணுப்பு' படத்துக்கு யூஜி நோமி. கட்டுரை எழுதும் மாணவர்கள் இவற்றைப் பிரித்தறிந்து எழுத வேண்டும்.

'போன்யோ' (2008) பாட்டைச் சிறுமி நொசோமி ஓஹாஷியும் இரண்டு நடுவயது ஆண்களும் சேர்ந்து பாடினார்கள். ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க விடாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தோக்கியோவின் புதோக்கான் அரங்கில், மியாசாகி படங்களுக்கு 25 ஆண்டுகள் இசையமைத்ததைக் கொண்டாடச் சுமார் 200 பேர் கொண்ட இசைக்குழுவும் 800 பேர் கொண்ட பாடகர் குழுவும் மேடையேறின.

தகாஹாத்தாவின் தேவலோக இசை

நாவுசிகாவில் ஹிசாய்ஷியைத் தேர்ந்தெடுத்த தகாஹாத்தா, தாம் இயக்கிய படங்களுக்கு நெடுங்காலம் அவரை அழைக்கவில்லை. ஹிசாய்ஷி என்றால் மியாசாகியின் இசை என்று ஆகிவிட்டதை அவர் மதித்தார் போலும். இருவரும் இயக்குநர், இசையமைப்பாளர் என்று சேர்ந்தது ஒரே ஒருமுறை: 2013இல் வந்த 'இளவரசி காகுயாவின் கதை'. தகாஹாத்தா விதித்த நிபந்தனை கடுமையானது. பாத்திரத்தின் உணர்ச்சியை இசை சொல்லக்கூடாது. அவள் அழுதால் இசை அழக்கூடாது.

இறுதியில் நிலவுலகத்தார் மேகத்தில் ஏறிக் காகுயாவை அழைத்துப்போக வருகிறார்கள். வளர்த்தவர்கள் கதறுகிறார்கள். அப்போது ஒலிப்பதோ கொண்டாட்டமான, தாளம் துள்ளும் திருவிழா இசை. நிலவுலகத்தாருக்குத் துக்கம் என்றால் என்னவென்று தெரியாது. ஆகவே அவர்கள் இசையிலும் அது இல்லை. அந்தக் குதூகலம் பார்ப்பவரை உலுக்குகிற அளவுக்கு எந்தச் சோக இசையும் உலுக்கியிருக்காது. ஹிசாய்ஷி எழுதிய திரையிசையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. இணையத் தொகுப்புகளில் இது அபூர்வமாகத்தான் இடம்பெறுகிறது. தூங்குவதற்கு உதவாது அல்லவா!

தகாஹாத்தா 2018 ஏப்ரலில் காலமானார்.

அண்மை ஆண்டுகள்

ஹிசாய்ஷி இப்போது இசைக்குழு நடத்துநராகவும் அறியப்படுகிறார். 2016இல் அமைந்த நாகானோ சேம்பர் இசைக்குழுவைக் கொண்டு பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் நடத்தினார். புதிய மினிமல் இசைக்கென 2014 முதல் 'மியூசிக் ஃப்யூச்சர்' என்ற கச்சேரி வரிசையை நடத்துகிறார். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2022இல் லண்டன் பார்பிகன் அரங்கில் டோட்டோரோவை நாடகமாக்கியது அவருடைய இசையோடுதான். மறு ஆண்டு, லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு பதிவான மியாசாகி படப் பாடல் தொகுப்பை ஜெர்மனியின் டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் வெளியிட்டது. இளமையில் சோதனை இசையமைப்பாளராக அவர் விரும்பிய மேடை, திரைமெட்டுகளின் கைபிடித்துத்தான் அவருக்குக் கிடைத்தது.

2023 ஜூலை 14 அன்று வெளியான 'சிறுவனும் நாரையும்' படத்துக்கு இமேஜ் ஆல்பம் இல்லை. மியாசாகி குறிப்புகள் எதுவும் எழுதித் தரவில்லை. ஏறத்தாழ முடிந்துவிட்ட படத்தை 2022 கோடையில் காட்டி, இசையை ஹிசாய்ஷியின் பொறுப்பில் விட்டுவிட்டார். ஆண்டுதோறும் ஜனவரி 5 அன்று மியாசாகியின் பிறந்தநாளுக்கு ஒரு சிறு பியானோ மெட்டைப் பரிசாக அனுப்புவது ஹிசாய்ஷியின் வழக்கம். அப்படி 2022இல் அனுப்பிய மெட்டே இப்படத்தின் முதன்மை மெட்டாயிற்று. படத்தின் முதற்பாதியில் இசை மிகக் குறைவு. தாயை நெருப்பில் பறிகொடுத்த சிறுவன் புதிய வீட்டில் வாய்திறக்காமல் நடமாடுகிறான். ஒரு பியானோ, சில சுரங்கள், பிறகு நீண்ட அமைதி. பாட்டாக முணுமுணுக்கத் தக்கது என்று அதில் அதிகம் இல்லை. படத்தின் இசை கோல்டன் குளோப் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.